அதோட வெயிட்டே புடிச்சிக்கும்

2012. சேலத்தில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடை. என் முதல் கார், செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட், டிக்கியைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் செய்த ஒரு பெட்டி, கருப்பு கார்ப்பெட் ஒட்டி, இரண்டு 12 இன்ச் சப்வூஃபர்களோடு. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாக மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது என்று சொன்னால் மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

"அண்ணா, இத கீழ போல்ட் போட்டு இறுக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு தம்பி? பாக்ஸே நாப்பது கிலோ. அதோட வெயிட்டே புடிச்சிக்கும்."

நான் பி.இ. மெக்கானிக்கல். முதல் வருடம் உராய்வு பற்றிய 16 மார்க் கேள்விக்குப் படம் போட்டு விடை எழுதிப் பாஸானவன். இருந்தும் தலையாட்டினேன். கனமான பொருள் நகராது என்பது உடம்புக்கே தெரிந்த விஷயம் மாதிரி இருந்தது. வீட்டில் அம்மிக்கல்லை யாராவது கட்டிப் போடுகிறார்களா?

அம்மி இருப்பது வீட்டில். வீடு பிரேக் போடுவதில்லை. இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு உறைக்கப் பதினாலு மாதமும், தொப்பூர் கணவாயில் ஒரு மழை இரவும் தேவைப்பட்டன. அதற்குப் பிறகுதான் காருக்குள் பாட்டு எப்படி வந்தது, அதோடு இவ்வளவு எடை எப்படி வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காரில் பாட்டு ஏற்றும் வேலையும், காரில் எடை எங்கே இருக்க வேண்டும் என்ற ஆராய்ச்சியும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், ஒரே நாட்டில் சூடுபிடித்திருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

1930

சிகாகோவில் பால் கால்வின் என்பவர் ஒரு சிறு தொழிற்சாலை நடத்திவந்தார். பொருளாதார வீழ்ச்சியில் கம்பெனி ஆட்டம் கண்டிருந்தது. 1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. உள்ளே ஸ்டால் போட வழியில்லாததால், தன் ஸ்டூடிபேக்கர் காரில் பொருத்திய ரேடியோவை வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டு ஆர்டர் பிடித்தார். அந்த மாடலின் பெயர் 5டி71. பிராண்டுக்கு 'மோட்டார்' என்ற சொல்லோடு, அந்தக் கால கிராமஃபோன் பெயர்களில் வழக்கமாக வரும் 'ஓலா'வைச் சேர்த்து மோட்டரோலா என்று பெயர் வைத்தார்.

கேட்க எளிது. பொருத்துவது அப்படி இல்லை. அன்றைய ரேடியோ வால்வுகளுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். கார் பேட்டரி தந்தது 6 வோல்ட். அதனால் தனியாக 'பி பேட்டரி'கள் வாங்கிக் காரின் தரைப் பலகையை அறுத்து அடியில் வைத்தார்கள். கூரைத் துணியைப் பிரித்து ஆன்டெனா கம்பி ஓட்டினார்கள். கால்வின் கடன் கேட்கப் போன வங்கிக்காரரின் பேக்கார்டு காரில் ரேடியோ மாட்டிக் கொடுத்தார், அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்தது என்பது மோட்டரோலாவின் தொடக்கக் கதைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒன்று.

1932-இல் ஜெர்மனியில் பிளாபுங்க்ட் வெளியிட்ட 'ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5' ரேடியோவின் எடை 15 கிலோ. விலை 465 மார்க். ஒரு சின்னக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கைக்கெட்டும் இடத்தில் வைக்க முடியாத அளவு பெரிய பெட்டி என்பதால், ஸ்டியரிங் தண்டில் ஒரு ரிமோட் கட்டுப்பாடு கொடுத்தார்கள். இன்றைக்கு 'ஸ்டியரிங் மவுண்டட் கன்ட்ரோல்' என்று ஷோரூமில் பெருமையாகக் காட்டுகிறார்களே, அதன் தாத்தா ஒரு கனமான பெட்டிக்குச் செய்த சமாளிப்பு.

ரேடியோவுக்கு எதிர்ப்பும் உடனே வந்தது. மாசச்சூசெட்ஸிலும் செயின்ட் லூயிஸிலும் கார் ரேடியோவைத் தடை செய்யச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். கவனம் சிதறும், தூக்கம் வரும் என்பவை காரணங்கள். சண்டை முழுக்க ஓட்டுநரின் காதைப் பற்றியே நடந்தது. சக்கரங்களின் மேல் என்ன ஏறுகிறது என்பது பேச்சிலேயே வரவில்லை. 15 கிலோவுக்கு அது பெரிய கேள்வியும் இல்லை.

அந்தக் கேள்வியை வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மாரிஸ் ஆலி, ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த பிரிட்டிஷ் இன்ஜினியர். அதே 1930-இன் கடைசியில் டெட்ராய்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அடுத்த இரண்டு வருடங்களில் ஒரு விநோதமான வண்டியைச் செய்தார்: ஏழு பேர் உட்காரும் பெரிய லிமோசின், எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துப் பார்க்க வசதி. 'கே ஸ்கொயர் ரிக்' என்று பெயர். மொத்த எடையை மாற்றாமல், எடை இருக்கும் இடத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஏன் இடம் முக்கியம்? தண்ணீர்க் காவடி தூக்கியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு குடத்தையும் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவது ஒரு மாதிரி. அதே இரண்டு குடம் கம்பின் இரு முனைகளில் தொங்கும்போது திரும்புவது வேறு மாதிரி. திரும்ப ஆரம்பிக்கவே சிரமம். திரும்ப ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது அதைவிடச் சிரமம். குடம் நம்மையும் இழுத்துக்கொண்டு சுற்றும். எடை கூடவில்லை, நடுவிலிருந்து தள்ளிப் போயிருக்கிறது. அந்தத் தூரம் இரட்டிப்பானால் விளைவு நான்கு மடங்கு. 'ஸ்கொயர்' வந்தது அதனால்தான்.

ஆலியின் சோதனைகளிலிருந்து 1934 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் வந்தது. அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்ற சொற்களும் ஆலியின் பெயரோடுதான் சேர்த்துப் பேசப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் முதலில் பிடி விட்டால் கார் வளையாமல் நேரே போகப் பார்க்கும், அது அண்டர்ஸ்டியர். பின் சக்கரங்கள் முதலில் பிடி விட்டால் வால் வெளியே வீசும்; அது ஓவர்ஸ்டியர். முதலாவதில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி வழிக்கு வந்துவிடும். இரண்டாவதில் பயந்து காலை எடுத்தால் நிலைமை மோசமாகும். சாதாரணக் கார்களை முதல் வகையின் பக்கம் சாய்த்தே செய்கிறார்கள். நாம் பயப்படுவோம் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்ட டிசைன் அது.

இளைத்ததும் பெருத்ததும்

அடுத்த முப்பது வருடங்கள் கார் ரேடியோ இளைத்துக்கொண்டே வந்தது. 6 வோல்ட்டையே உயர்த்தித் தரும் வைப்ரேட்டர் வந்ததும் தரைக்கடியில் இருந்த பி பேட்டரிகள் போயின. 1955-இல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரில் இயங்கும் கார் ரேடியோவைக் கொண்டுவந்தன. அதே கிரைஸ்லர், 1956 மாடல்களில் 'ஹைவே ஹை-ஃபை' என்று காருக்குள் ரெக்கார்டு பிளேயரே வைத்துப் பார்த்தது. சில வருடங்களில் கைவிட்டது. 1966 மாடல் ஃபோர்டு கார்களில் 8-டிராக் டேப் வந்தது. பிறகு கேசட். பாட்டுப் பெட்டி டாஷ்போர்டில் ஒரு செங்கல் அளவுக்குச் சுருங்கியது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டரோடு பிழைப்பு நடத்துகிற எவருக்கும் ஒன்று தெரியும்: மெமரி மலிவானால் புரோகிராம் சின்னதாகாது, பெருக்கும். மிச்சம் பிடித்ததைச் செலவழிக்க ஒரு புது ஆசை வந்து சேரும். கார் ஆடியோவில் வந்த ஆசையின் பெயர் பேஸ்.

1980-இல் ரோலண்ட் கம்பெனி டிஆர்-808 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. அதன் கிக் டிரம், தோலில் அடித்த சத்தம் மாதிரி உடனே அடங்காது. நீட்டினால் 'பூம்ம்ம்' என்று ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஹிப்-ஹாப், அதிலும் மயாமி பேஸ், அந்தச் சத்தத்தின் மேலேயே வீடு கட்டியது. காரோடு வந்த ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. கேட்க வேண்டுமென்றால் சப்வூஃபர் வேண்டும்.

இங்கேதான் இயற்பியல் காசு கேட்கிறது. திறந்த வெளியில், சத்தத்தின் அளவு குறையாமல் அதிர்வெண்ணைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பெரிய கூம்பு, பெரிய காந்தம், உள்ளழுத்தத்தில் அதிராத தடித்த பெட்டி. கே.எல்.ஹெச். ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் 'ஹெச்' ஆக இருக்கும் ஆன்டன் ஹாஃப்மனின் பெயரில் ஓர் 'இரும்பு விதி' சொல்வார்கள்: ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரம் என்ற மூன்றில் இரண்டுதான் உனக்குக் கிடைக்கும். டிக்கி சின்னது, பேஸ் வேண்டும். விட்டுக்கொடுப்பது மின்சாரத்தை. 10 டெசிபல் கூட்டினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். அதற்கு ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். பெரிய ஆம்ப், தடித்த செம்புக் கேபிள், இரண்டாவது பேட்டரி. 1930-இல் தரைக்கடியில் ஒளித்த பேட்டரி அறுபது வருடம் கழித்து டிக்கிக்குள் திரும்பி வந்துவிட்டது.

1980-களின் கடைசியில் அமெரிக்காவில் இதற்குப் போட்டிகள் வந்தன. 1990-களில் 'டிபி டிராக் ரேசிங்' வந்தது. கணக்கு ஒன்றே ஒன்று, யார் காரில் டெசிபல் அதிகம். உச்ச வகுப்புக் கார்களில் சீட்டுகளைப் பிடுங்கினார்கள். அதிர்வில் சத்தம் வீணாகக் கூடாதென்று கதவுகளுக்குள் கான்கிரீட் ஊற்றினார்கள். கண்ணாடியை மாற்றிப் பல மடங்கு தடித்ததை வைத்தார்கள். அப்படிப்பட்ட வண்டிகள் பல, போட்டிக்கு டிரெய்லரில் ஏறித்தான் வரும்.

இதைப் படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அந்த கான்கிரீட் கார்தான் நேர்மையானது. நான் இனி வண்டி இல்லை, ஸ்பீக்கர் என்று ஒத்துக்கொண்டு டிரெய்லரில் ஏறிவிட்டது. பிரச்சினை, இரண்டாகவும் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு நெடுஞ்சாலையில் 90-இல் போன என் ஸ்விஃப்ட்தான்.

தொப்பூர்

பெங்களூரிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் இறக்கம் தெரியும். இறக்கம், வளைவு, முன்னால் பாரம் ஏற்றிய லாரிகள். 2013 அக்டோபர், வெள்ளிக்கிழமை ராத்திரி, மழை. நான் மட்டும்தான் காரில். போக வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரிய தவறு அதுதான், பெட்டி இல்லை.

வளைவில் முன்னால் போன லாரியின் பிரேக் லைட் எரிந்தது. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினேன். காரின் பின்பக்கம் மெதுவாக வெளியே போக ஆரம்பித்தது. மெதுவாக என்பது ஞாபகத்தில். நிஜத்தில் ஒரு நொடி இருக்கும். எதிர்ப்பக்கம் திருப்பினேன். வால் திரும்பி வந்து, நிற்காமல் அடுத்த பக்கம் போனது. காவடி. பிறகு எப்படியோ நேரானது. லாரி போய்விட்டது. யார் மேலும் இடிக்கவில்லை.

நடுவில் பின்னால் ஏதோ டமார் என்றது. டோல்கேட் தாண்டி ஓரம் கட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் சீட்டின் முதுகு முன்பக்கம் மடங்கிக் கிடந்தது. அதன் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருந்தது பெட்டி. ஆம்ப்புக்குப் போன கேபிள் சீட் லாக் விழும் இடத்தில் மாட்டியிருக்கிறது. லாக் முழுசாக விழவே இல்லை. பதினாலு மாதமாக.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த சீட்டில் அம்மாவும் சித்தியும் உட்கார்ந்து வந்தார்கள். "ஏன்டா, முதுகுல யாரோ தட்டிக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கு" என்று அம்மா சொன்னார். நான் பேஸைக் குறைத்தேன்.

போடாத கணக்கு

அந்த வாரம் முழுக்க, படித்த படிப்புக்கு முதல் தடவையாக வேலை கொடுத்தேன். பெட்டிப் பலகை 22 கிலோ, ஸ்பீக்கர்கள் 18, ஆம்ப் 5, இரண்டாவது பேட்டரி 15. மொத்தம் 60.

60 கிலோ என்றால் ஓர் ஆள்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆள் உட்காருவது இரண்டு அச்சுகளுக்கு நடுவில். பெட்டி இருப்பது பின் அச்சுக்கும் பின்னால், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில். ஸ்விஃப்டின் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2,390 மில்லிமீட்டர். சீசா மாதிரிதான்: பின் சக்கரங்களின் மேல் 60 இல்லை, சுமார் 71 கிலோ ஏறும், முன் சக்கரங்களிலிருந்து 11 கிலோ குறையும். காரைத் திருப்புகிற, பெரும்பாலும் நிறுத்துகிற சக்கரங்கள் அந்த முன் சக்கரங்கள். காரின் எடை 6 சதவீதம் கூடியது. ஆனால் கார் பம்பரமாகச் சுற்றுவதற்கு எதிரான தடை, ஆலியின் அந்த 'ஸ்கொயர்' கணக்கு, என் தோராயத்தில் 15 சதவீதம் கூடியது. சுற்ற ஆரம்பித்ததை நிறுத்தவும் அவ்வளவு கூடுதல் வேலை.

ஹெட்லைட்டுக்கு வருவோம். டிம் லைட்டை மீட்டருக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கீழே இறங்குகிற மாதிரி வைப்பார்கள். பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கியதில் என் கார் அந்தச் சாய்வில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. எதிரே வருகிறவர்கள் எனக்கு ஏன் டிம் அடித்துக்காட்டினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. திமிர் பிடித்தவர்கள் என்று திட்டியிருக்கிறேன்.

மின்சாரம்: 800 வாட் ஆம்ப், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சூடாகவே வீணாகும். உச்சத்தில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் அவ்வளவு தராது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. அதை நண்பர்களுக்குப் பெருமையாகக் காட்டியதும் நான்தான். முன் பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் அந்தக் கேபிள் நடுவில் எங்காவது உரசித் தகட்டில் பட்டால், பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருந்தால்தான் தப்பிக்கலாம். என்னுடையதில் ஃபியூஸ் ஆம்ப் பக்கத்தில் இருந்தது. அதாவது ஆம்ப் பிழைக்கும், கார் எரியும்.

கடைசியாக அந்தக் கடைக்கார அண்ணன் சொன்னது. வெயிட் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். எடை இரட்டிப்பானால் உராய்வும் இரட்டிப்பாகும். ஆனால் பிரேக் போடும்போது அதை முன்னால் தள்ளும் விசையும் இரட்டிப்பாகும். இரண்டு பக்கமும் எடை வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது கார்ப்பெட்டின் வழுவழுப்பு மட்டும். 4 கிலோ பெட்டி எந்த பிரேக்கில் நகருமோ, 40 கிலோ பெட்டியும் அதே பிரேக்கில்தான் நகரும். வித்தியாசம் நகர்ந்த பிறகு. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் சட்டென்று நின்றால், கட்டாத பெட்டி சீட்டை அடிப்பது பத்து மீட்டர் உயரத்திலிருந்து, மூன்றாவது மாடியிலிருந்து, அது விழுவதற்குச் சமம். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 17-இல் பின் சீட்டின் முதுகை இப்படித்தான் சோதிக்கிறார்கள்: 50 கிலோமீட்டர் வேகம், பின்னால் தலா 18 கிலோவில் இரண்டு கட்டைகள். மொத்தம் 36. என் பெட்டி மட்டும் 40. அதிலும் லாக் விழாத சீட்.

அமெரிக்காவில் 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் ஷெவர்லே கோர்வேர் பற்றியது. இன்ஜின் பின்னால் இருக்கும் கார். வால் வீசாமல் இருக்க கம்பெனி சொன்ன வழிகளில் ஒன்று, முன் டயரில் 15, பின் டயரில் 26 பிஎஸ்ஐ காற்று. யார் அப்படி அடிப்பார்கள்? பெட்ரோல் பங்க்கில் நாலு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிட்டுப் போனார்கள். 1972-இல் அரசு ஆய்வு, கோர்வேர் அன்றைய மற்ற கார்களைவிட மோசமில்லை என்றது. அந்த வாதம் இன்னும் ஓய்வதில்லை. எனக்கு அதில் தைத்தது வேறு. பின்னால் எடை இருந்தால் ஒரு கணக்கு மாறுகிறது. அந்தக் கணக்கு ஓட்டுகிறவனுக்குத் தெரியாத ஓர் எண்ணில் ஒளிந்திருக்கிறது. என் காரின் கதவு ஓரத்திலும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. முழுப் பாரத்தில் பின் டயருக்குக் காற்று எவ்வளவு என்று போட்டிருந்தது. பதினாலு மாதம் அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்.

இன்றைக்கு இதெல்லாம் தேவைகூட இல்லை. 1980-களில் கண்டுபிடிக்கப்பட்ட நியோடிமியம் காந்தம் பழைய ஃபெரைட் காந்தத்தின் வேலையை அதன் எடையில் ஒரு சிறு பங்கில் செய்கிறது. கிளாஸ் டி ஆம்ப்கள் மின்சாரத்தை அவ்வளவாக வீணாக்குவதில்லை. சீட்டுக்கடியில் அடங்கும் சப்வூஃபர்கள் இருக்கின்றன. ஆனால் மிச்சமான கிலோக்களை நாம் என்ன செய்வோம் என்பதும் தெரிந்ததுதான்.

பேஸ் கேட்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? எனக்கு அது இன்னும் பிடிக்கும். டிக்கியில் பெட்டி வைத்திருந்தால், அதை பாடியின் இரும்பில் போல்ட் போடுங்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரைப் படித்துக் காற்று அடியுங்கள். ஹெட்லைட்டை இறக்கும் திருகு டாஷ்போர்டில் இருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. ஆட்கள் நிறைய ஏறுகிற நாளில் பெட்டியை இறக்கி வையுங்கள். ஆள் மாதிரி அது தானாக இறங்காது.

என் பெட்டியை அடுத்த வாரமே கழற்றி, வாங்கின கடைக்கே எடுத்துப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அண்ணன் கேபிள் மாட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வீட்ல யாரும் இல்லல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார். வண்டியில் யாரும் இல்லையே என்பதைத்தான் அப்படிக் கேட்டார். இல்லை என்றேன். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார்.

இப்போது வேறு கார். அம்மா பின் சீட்டில்தான் உட்காருவார். அவர் ஏறுவதற்கு முன்னால், சீட்டின் முதுகைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். "என்னத்தடா தேடற?" என்பார். "ஒண்ணுமில்லம்மா, ஏறுங்க" என்பேன்.